பழி என்னும் சொல்லின் பொருளும் பொறுப்பும்

ஒருவரைக் குறைகூறுவதற்குத் தமிழில் பல சொற்கள் உண்டு. எனினும் ஒரு தீங்கு நேர்ந்தபின் அதற்கு இன்னார் காரணம் என்று உலகம் கூறும் கூற்றையும், அக்கூற்றால் அவருக்கு வரும் இழிவையும், அந்த இழிவு நீங்கும்வரை அவர் சுமக்கும் பாரத்தையும் ஒருசேரக் குறிப்பது 'பழி' என்னும் சொல்லே ஆகும். சங்கப் பாடல்களிலும் திருக்குறளிலும் காப்பியங்களிலும் பயின்று, இன்றைய நாளிதழ்த் தலைப்புவரை வடிவம் மாறாமல் வந்திருக்கும் இச்சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து நடக்கிறது, எவற்றிலிருந்து விலகி நிற்கிறது என்பதைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். குற்றம் செய்தல் வேறு, குற்றம் செய்தவராகச் சொல்லப்படுதல் வேறு என்ற தெளிவைத் தமிழ் நெடுங்காலமாகக் காத்துவந்திருக்கிறது. அத்தெளிவின் இருப்பிடங்களுள் ஒன்று இச்சொல்லின் புழக்கம்.

சொல்லின் வடிவமும் உறவும்

'பழி' பெயராகவும் வினையடியாகவும் நிற்கும். வினையாக வரும்போது பழித்தான், பழிக்கிறான், பழிப்பான் என்று நடந்து, பழித்தல், பழிப்பு என்னும் தொழிற்பெயர்களைத் தருகிறது. பெயராக வரும்போது பழிச்சொல், வீண்பழி, கொலைப்பழி, பெரும்பழி என்று தொகைகளில் அமைகிறது. மலையாளத்தில் இதே ஒலியோடும் ஏறத்தாழ இதே பொருளோடும் இச்சொல் வழங்குகிறது. கன்னடத்தில் சொல்முதல் பகரம் காலப்போக்கில் ஹகரமாகவும் ழகரம் ளகரமாகவும் திரிந்துவிட்டதால், அங்கே அது 'ஹளி' என்னும் வினையாக நிலைத்திருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பசவண்ணர், களவு, கொலை, பொய், சினம் ஆகியவற்றை விலக்கச் சொல்லும் தம் புகழ்பெற்ற வசனத்தில், தன்னைத் தானே புகழ்வதையும் எதிரில் இருப்பவரைப் பழிப்பதையும் அடுத்தடுத்து வைத்து விலக்குகிறார். அங்கு அவர் ஆளும் வினை இந்த 'ஹளி'தான். வசனம் என்பது கன்னட வீரசைவ அடியார்கள் பேச்சுநடைக்கு நெருக்கமாகப் பாடிய ஒருவகை உரைப்பா.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி போன்ற பெரிய அகராதிகளில் இச்சொல்லுக்கு நிந்தை, குற்றம், பாவம், பகை, பழிக்குப் பழி என்று பல பொருள்களைக் காணலாம். முதற்பார்வைக்கு இவை சிதறிக் கிடப்பனபோலத் தோன்றினும், ஒரு தீச்செயலின் தொடர்ச்சியாக இவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பது தெரியும். செயல் குற்றமாகிறது, அதை ஊர் சொல்லும்போது நிந்தையாகிறது, பாதிக்கப்பட்டவர் நெஞ்சில் தங்கும்போது பகையாகிறது, அப்பகை கைம்மாறு தேடும்போது பழிவாங்குதலாகிறது.

வினைச்சொல்லுக்குக் கவிதையில் வேறொரு பயன்பாடும் உண்டு. 'நிலவைப் பழிக்கும் முகம்' என்னும்போது முகம் நிலவைத் திட்டுவதில்லை. தன் ஒளியால் அதைக் கீழ்ப்படுத்துகிறது. ஒன்றைத் தாழ்ந்ததாக ஆக்குதல் என்ற கரு இதிலும் இருக்கிறது. சிறுவர்கள் ஒருவர் பேச்சையோ முகக்குறிப்பையோ நடித்துக் கேலி செய்வதைப் 'பழிப்புக் காட்டுதல்' என்று சொல்வதிலும் அதே கரு தொடர்கிறது. பழைய பாடல்களைப் படிப்போர் கவனிக்க வேண்டிய மற்றொரு சொல் 'பழிச்சுதல்'. ஒலியில் பழித்தலோடு நெருங்கியிருந்தாலும், அது புகழ்தல், வாழ்த்துதல், வணங்குதல் என்னும் எதிர்ப்பொருளைத் தரும் வேறு வினை.

'பழித்தான்', 'பழி போட்டான்'

'அவனைப் பழித்தான்' என்பதும் 'அவன்மேல் பழி போட்டான்' என்பதும் ஒரே பொருளன அல்ல. முதல் தொடரில் ஒருவன் மற்றொருவனை இழித்துப் பேசுகிறான். அதற்குக் குறிப்பிட்ட ஒரு நிகழ்ச்சி தேவையில்லை, குணத்தையோ குலத்தையோ தோற்றத்தையோ கூடப் பழிக்கலாம். இரண்டாம் தொடருக்கு ஒரு நிகழ்ச்சி கட்டாயம் வேண்டும்: ஏதோ ஒரு தீங்கு நடந்திருக்கிறது, அதற்குப் பொறுப்பாக ஒருவரைக் காட்டும் வேலை நடக்கிறது. வினை இழித்துரையாகவும், பெயரோடு துணைவினை சேர்ந்த தொடர் பொறுப்பேற்றுதலாகவும் பிரிந்து நிற்பது இச்சொல்லைக் கையாள்வோர் மனத்தில் கொள்ள வேண்டிய முதல் வேறுபாடு.

இப்பெயர் ஏற்கும் வினைகள் தனியே நோக்கத்தக்கவை. பழி போடலாம், சுமத்தலாம், சாட்டலாம். அது ஒருவர்மேல் விழலாம், வந்து சேரலாம். அதை அவர் ஏற்கலாம், சுமக்கலாம், துடைக்கலாம். அதற்கு ஆளாகலாம், அதிலிருந்து மீளலாம். 'குற்றம்' என்பதற்கோ முதன்மையான வினை செய்தல்; குற்றம் செய்தவரை விட்டு நகராது, மறைக்கப்பட்டாலும் அவருடையதாகவே இருக்கும். பழியோ இடம் மாறும் பொருளாகவே மொழியில் வைத்து எண்ணப்பட்டிருக்கிறது. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் தலைக்கு அது போகக்கூடும். 'வீண்பழி' என்று சொல்கிறோம், 'வீண்குற்றம்' என்று சொல்வதில்லை. செய்யாதவர்மேலும் பழி வந்து நிற்கும் என்பதை இச்சொற்சேர்க்கைகளே ஒப்புக்கொள்கின்றன.

'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்னும் பழமொழி இந்த அறிவைச் சுருங்கச் சொல்கிறது. தீங்கின் வினைப்பயன் செய்தவரிடம் தங்குகிறது, அதன் பெயரோ வேறொருவரைச் சென்று சேர்கிறது என்பது இதன் கருத்து. 'பழிபாவத்துக்கு அஞ்சாதவன்' என்று இரண்டையும் இணைத்துச் சொல்லும் வழக்கிலும், பழி இவ்வுலகத்தார் வாயிலும் பாவம் மறுமைக் கணக்கிலும் உள்ளனவாக இரண்டும் வெவ்வேறாகவே கருதப்படுகின்றன. பிறன்மனை விழைவோனை விட்டு நீங்காதவை என்று நான்கைத் தொகுக்கும் திருவள்ளுவரும், பகையையும் அச்சத்தையும் எண்ணும் அதே வரிசையில் பாவத்தையும் பழியையும் தனித்தனியே வைத்தார்.

அண்டைச் சொற்கள்

பழியின் எல்லையை அறிய அதன் அண்டைச் சொற்களையும் அறிய வேண்டும். 'பிழை', 'தவறு' என்பவை நோக்கமின்றியும் நேரக்கூடியவை. 'குற்றம்' நெறியையோ சட்டத்தையோ மீறுதல். 'வசை' கேட்போர் காதில் விழும்படி நேரே கூறும் இழிசொல். 'புறங்கூறல்' ஆள் இல்லாத இடத்தில் அவரைக் குறைத்துப் பேசுதல். 'தூற்றுதல்' களத்து வேலையிலிருந்து வந்த சொல். நெல்லையும் பதரையும் காற்றில் விடுவதுபோல ஒருவர் பெயரை ஊர்க்காற்றில் விடுவதை அது குறிக்கிறது. 'அபாண்டம்' என்பது சிறிதும் ஆதாரமற்ற பழிக்குப் பேச்சுவழக்கு தரும் பெயர். இவற்றுள் வசையும் தூற்றலும் கூறுவோர் செயலைக் காட்டுகின்றன. பிழையும் குற்றமும் செய்தோர் செயலைக் காட்டுகின்றன. செய்தோர், கூறுவோர், கேட்போர் ஆகிய மூவரையும் இணைக்கும் இடத்தில் பழி நிற்கிறது.

அகத்திணை மரபில் 'அம்பல்', 'அலர்' என்று இரு சொற்கள் வழங்கின. திருமணத்துக்கு முன் மறைவில் நிகழும் காதலாகிய களவு ஒழுக்கத்தைப் பற்றி ஊரார் தமக்குள் முணுமுணுத்துக்கொள்வது அம்பல்; அது விரிந்து இன்னாரோடு இன்னார் என்று வெளிப்படையாகப் பேசப்படுவது அலர். முன்னது அரும்பு, பின்னது மலர் என்று உரைகாரர் விளக்குவர். திருக்குறளின் காமத்துப்பாலில் 'அலரறிவுறுத்தல்' என்று தனி அதிகாரமே உண்டு. ஊர்ப்பேச்சு அங்கே காதலை வளர்க்கும் உரமாகவும் கொள்ளப்படுவதால், எல்லா ஊர்ப்பேச்சும் பழியாகிவிடுவதில்லை என்பதும் தெளிவாகிறது. தீங்கு என்று ஒன்று இருக்கும்போதுதான், அல்லது இருப்பதாகக் கருதப்படும்போதுதான், பேச்சு பழியாகிறது.

பழித்துரைத்தலை இலக்கியக் கலையாகவும் தமிழர் வகுத்தனர். தொல்காப்பியச் செய்யுளியல் 'அங்கதம்' என்பதை இருவகையாகப் பிரிக்கிறது: வெளிப்படையாகக் கூறுவது செம்பொருள் அங்கதம், அதுவே வசை எனப்படும், சொல்லை மறைத்துக் கூறுவது பழிகரப்பு அங்கதம். கரப்பு என்றால் மறைத்தல். தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலங்கள் நெய் பூசப்பெற்று மாலை சூடிப் பொலிவதையும், அதியமானுடைய வேல்கள் போரில் நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதையும் ஒப்பிட்டுப் பாடிய புறநானூற்றுப் பாடல், புகழ்வதுபோலப் பழிக்கும் முறைக்குக் காட்டப்படும் சிறந்த சான்று. பிற்கால அணியிலக்கணம் இதனை 'வஞ்சப் புகழ்ச்சி' என்று பெயரிட்டு, பழிப்பதுபோலப் புகழ்வதையும் அதனுள் அடக்கியது. சிற்றரசரிடையே போர் மூளவிருந்த நேரத்தில் நேரே வசை கூறியிருந்தால் பகை முற்றியிருக்கும். மறைத்துக் கூறியதால் கேட்டவன் தானே உணர்ந்து தன் மதிப்பைக் காத்துக்கொள்ள இடம் கிடைத்தது.

மதுரையில் இரு வழக்குகள்

பழி சுமத்தப்பட்ட ஒருவரை அதிகாரம் எவ்வாறு நடத்த வேண்டும் என்பதற்குத் தமிழ் இலக்கியம் மதுரையைக் களமாகக் கொண்டு இரண்டு வழக்குகளைத் தந்திருக்கிறது. முதலாவது, இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தில் வரும் கோவலன் வழக்கு. அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன், விற்பதற்காகத் தன்னிடம் சிலம்பு கொண்டுவந்த கோவலனைக் கண்டதும் தன் குற்றத்தை அவன்மேல் ஏற்றிவிடுகிறான். அரசி ஊடியிருந்த வேளையில் அவளைத் தணிக்க விரைந்துகொண்டிருந்த பாண்டியன் நெடுஞ்செழியன், சான்றையோ சாட்சியையோ ஆராயாமல், சிலம்பு அவன் கையில் இருக்குமானால் கொன்று கொண்டுவருக என்று ஆணையிடுகிறான். கோவலன் கையில் சிலம்பு இருந்தது உண்மை. அது அரசியின் சிலம்பு என்பதுதான் பொய். கண்ணகி அரசவைக்கு வந்து, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று உடைத்துக் காட்டியபோது, அரசியின் சிலம்பில் இருந்தது முத்து என்பதை அறிந்த அரசன், கள்வன் என்னும் பெயரைத் தனக்கே உரியதாக ஏற்று உயிர்விடுகிறான். பொற்கொல்லன் வீசிய பழி கோவலன்மேல் விழுந்து, அவன் இறந்தபின் அவனைவிட்டு நீங்கி, ஆராயாது ஏற்ற அரசனிடம் வந்து சேர்ந்தது.

இரண்டாவது, பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தில் உள்ள 'பழியஞ்சின படலம்'. பயணவழியில் ஓர் அந்தணன் தன் மனைவியை ஆலமரத்தடியில் அமர்த்திவிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் செல்கிறான். முன்பு எப்போதோ எய்யப்பட்டு அம்மரத்தில் சிக்கியிருந்த அம்பு காற்றில் அசைந்து விழுந்து அவளைக் கொன்றுவிடுகிறது. அதே மரத்தின் மறுபுறத்தில் வில்லோடு ஒரு வேடன் இளைப்பாறிக்கொண்டிருக்கிறான். திரும்பிவந்த அந்தணன் அவனையே கொலைகாரன் என்று பற்றி, குலோத்துங்க பாண்டியன் அவைக்கு இழுத்துச் செல்கிறான். உடலில் அம்பு, அருகில் வில்லேந்திய வேடன், குற்றம் சாட்டுபவனோ உயர்ந்த நிலையில் உள்ளவன். தண்டிப்பதற்கு இதைவிட எளிய வழக்கு இருக்க முடியாது. ஆயினும் எவ்வளவு கேட்டும் வேடன் மறுப்பதைக் கண்ட அரசன், தவறான தீர்ப்பால் தனக்கு நேரும் பழிக்கு அஞ்சிச் சொக்கநாதரை வேண்டுகிறான். இறைவன் குறிப்பின்படி வணிகர் தெருவில் ஒரு திருமண வீட்டுக்கு அந்தணனோடு சென்றபோது, மணமகன் உயிரைக் கவர வந்த எமதூதர் இருவர் பேசுவது கேட்கிறது. காற்றால் அம்பை விழச்செய்து அந்தணன் மனைவியின் உயிரைக் கவர்ந்ததுபோல, இங்கே ஒரு பசுவை வெருட்டி முட்டச் செய்வோம் என்று அவர்கள் கூற, அவ்வாறே நடக்கிறது. வேடன் குற்றமற்றவன் என்பது உறுதியாகி விடுவிக்கப்படுகிறான்.

காலத்தாலும் சமயச் சூழலாலும் வேறுபட்ட இவ்விரு நூல்களும் ஒரே நகரத்தில், ஒரே குலத்து அரசர் இருவரைக் கொண்டு, ஒரே நீதியைச் சொல்கின்றன. கையில் சிலம்பு இருப்பதும் அருகில் வில் இருப்பதும் ஐயத்துக்கு இடம் தருமே அன்றித் தீர்ப்புக்குப் போதாது. இரு வழக்கிலும் பழி சுமத்தப்பட்டவன் அவ்வூரில் ஆதரவற்றவன்: ஒருவன் அயலூரிலிருந்து பிழைக்க வந்தவன், மற்றவன் காட்டில் திரியும் வேடன். ஆதரவற்றவர் தலையில் பழி எளிதில் ஏறும் என்பதைக் கண்டவர்களே இவ்வாறு கதை அமைத்திருக்க முடியும்.

பழிக்கு அஞ்சுதலும் நாணுதலும்

இன்றைய வழக்கில் பழி பெரும்பாலும் பிறர்மேல் போடப்படுவதாகவே பேசப்படுகிறது. பழைய நூல்களோ தன்மேல் வரக்கூடிய பழியை எண்ணி ஒருவர் தம்மைத் திருத்திக்கொள்வதற்கே முதன்மை தந்தன. செய்யத்தக்கது அறம் என்றும் விலக்கத்தக்கது பழி என்றும் திருக்குறள் இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறது. இங்கே பழி என்பது ஊர்ப்பேச்சைக் கடந்து, சான்றோர் ஏற்காத செயல் என்னும் பொருளைப் பெறுகிறது. தினையளவு குற்றத்தையும் பனையளவாகக் கருதுவோரை 'பழிநாணுவார்' என்று வள்ளுவர் குறிப்பிடுகிறார். நாணுதல் என்பது பிறர் காணும்முன்பே தன் குறையைத் தான் கண்டு கூசுதல். எனவே பழிநாணுதல் பயத்தைவிட உயர்ந்த உணர்வு. பிறருக்கு வரும் பழிக்கும் தமக்கு வருவதைப் போலவே நாணுவோரை நாணத்தின் உறைவிடம் என்று உலகம் போற்றும் என நாணுடைமை அதிகாரம் கூறுவது, இந்த உணர்வு தன்னலத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதைக் காட்டுகிறது.

கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி என்னும் பாண்டியன் பாடிய புறநானூற்றுப் பாடல், புகழ் வருமானால் உயிரையும் ஈந்து, பழி வருமானால் உலகம் முழுவதையும் சேர்த்துத் தந்தாலும் மறுப்போர் இருப்பதால்தான் இவ்வுலகம் நிலைத்திருக்கிறது என்ற கருத்தை உடையது. அக்காலத்துப் புகழுக்கு நேர் எதிர்ச்சொல்லாகப் பழி நின்றதை இது காட்டுகிறது. இரண்டும் பிறர் வாயில் வாழ்பவை. இரண்டும் ஒருவர் இறந்தபின்னும் தொடர்பவை.

எதற்குப் பழி உண்டு, எதற்கு இல்லை என்ற வரையறையும் குறளில் இருக்கிறது. பொறியின்மை யாருக்கும் பழியாகாது. அறிய வேண்டியதை அறிந்து முயலாமையே பழி என்கிறது ஆள்வினையுடைமை அதிகாரம். 'பொறி' என்பதை நல்ல ஊழ் என்றும் உடலுறுப்பு என்றும் உரைகாரர் இருவகையாகக் கொள்வர். எப்படிக் கொண்டாலும், ஒருவர் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்றுக்காக அவரைப் பழித்தல் ஆகாது என்ற நெறி பெறப்படுகிறது. ஒழுக்கத்தில் தவறியவர் 'எய்தாப் பழி'யையும் எய்துவர், அதாவது தமக்கு உரியதல்லாத பழியும் அவரைச் சேரும் என்று மற்றொரு குறள் எச்சரிக்கிறது. ஒருமுறை தவறியவர்மேல் ஊர் செய்யாதவற்றையும் ஏற்றிவிடும் இயல்பை இத்தொடர் இரண்டே சொற்களில் பிடித்துவைத்திருக்கிறது.

கம்பராமாயணத்தின் நகர்நீங்கு படலத்தில், முடிசூட்டு தடைப்பட்டதால் சினந்த இலக்குவனிடம் இராமன் பேசுமிடம் பழியைக் கலைக்கும் உரைக்குத் தக்க சான்று. ஆற்றில் நீர் வற்றியது ஆற்றின் பிழையாகாததுபோல, இது தந்தை பிழையும் அன்று, தாய் பிழையும் அன்று, பரதன் பிழையும் அன்று, விதியின் பிழை என்று அவன் ஒவ்வொருவராக விடுவிக்கிறான். இலக்குவன் அதை ஏற்காமல் விதியையே எதிர்ப்பேன் என்று விடை கூறுவதால், பழியை விதிமேல் ஏற்றுவது எந்த அளவு தகும் என்ற வினாவும் காப்பியத்திலேயே எழுப்பப்பட்டுவிடுகிறது.

பழிவாங்குதல்

பழி என்னும் சொல் பகைக்கும் கைம்மாற்றுக்கும் பெயரானது 'பழிவாங்குதல்', 'பழிதீர்த்தல்', 'பழிக்குப் பழி' என்னும் தொடர்களில். ஒருவர் இழைத்த தீங்கு கடனைப்போல நிலுவையில் நிற்கிறது, அதைத் திரும்பப் பெறும்வரை பாதிக்கப்பட்டவர் ஓய்வதில்லை என்ற எண்ணம் 'வாங்குதல்', 'தீர்த்தல்' என்னும் வினைகளில் அமைந்திருக்கிறது. 'பழிகிடத்தல்' என்ற பழைய வழக்கும் இதனோடு தொடர்புடையது; தன் கோரிக்கை நிறைவேறும்வரை ஒருவர் வாசலில் எழாமல் கிடப்பது அது. தனக்கு ஏதேனும் நேர்ந்தால் அந்த வீட்டாரையே பழி சேரும் என்பது அதன் உள்ளுறை. 'எந்நேரமும் கோயிலே பழியாகக் கிடக்கிறான்' என்ற இன்றைய பேச்சில் அச்சொல் கடுமை நீங்கிப் பிடிவாதத்தை மட்டும் குறிக்கிறது.

பழையனூர் நீலி கதை இவ்விரு பொருளையும் ஒன்றாகக் காட்டுகிறது. முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்ட பெண், பேயாகி அவனைத் தொடர்ந்து, மனைவி வடிவில் வந்து ஊரார் முன் முறையிடுகிறாள். அவன் உயிருக்குத் தாங்கள் பிணை என்று உறுதிகூறிய வேளாளர் எழுபதின்மர் அவனை அவளோடு விட, அவள் பழிதீர்த்துக்கொள்கிறாள். சொல் தவறிய பழிக்கு அஞ்சிய எழுபதின்மரும் தீயில் இறங்குகின்றனர். ஒருத்தி பழிவாங்குகிறாள், எழுபதின்மர் பழிக்கு அஞ்சுகின்றனர். கதை முடிவில் எஞ்சுவது உயிர்ச்சேதமே.

பழிவாங்குதலுக்கு எல்லை கட்டும் முயற்சியைத் தமிழ் விவிலியத்திலும் காணலாம். எண்ணாகமத்தில் கொலையுண்டவனின் உறவினன் 'பழிவாங்குகிறவன்' எனப்படுகிறான். அறியாமல் கொலை செய்தவன் சபைமுன் விசாரிக்கப்படும்வரை அவன் கையில் சிக்காமல் தப்பியிருக்க 'அடைக்கலப்பட்டணங்கள்' ஒதுக்கப்படுகின்றன. விசாரணை முதலில், தண்டனை பிறகு என்னும் அதே நெறி இங்கும் தலைகாட்டுகிறது. லேவியராகமத்தில், மக்களின் பாவங்களை ஏற்றி வனாந்தரத்துக்கு அனுப்பப்படும் ஆடு 'போக்காடு' என்று பெயர்பெறுகிறது. பிறர் குற்றத்தைச் சுமக்க வைக்கப்பட்டவரை இன்று 'பலிகடா' என்கிறோம். இதில் வரும் 'பலி' தெய்வத்துக்குப் படைக்கப்படும் உயிரைக் குறிக்கும் வடசொல். 'பழி'யோடு பிறப்புத் தொடர்பு அதற்கு இல்லை. ழகர ஒலிப்பு நழுவும் பேச்சில் 'பழிவாங்குதல்', 'பலிவாங்குதல்' இரண்டும் கலந்துவிடுவதால் எழுத்தில் கவனம் வேண்டும்: விபத்து உயிர்களைப் பலிவாங்கும், பகைவன் பழிவாங்குவான்.

இலக்கண அமைப்பில் ஒளிந்திருக்கும் பழி

பழி என்ற சொல்லைச் சொல்லாமலே பழி சுமத்தவும் சுமத்தாமல் விலகவும் தமிழ் வாக்கிய அமைப்பு வழி தருகிறது. 'குடம் உடைந்துவிட்டது' என்பதில் உடைத்தவர் இல்லை. 'குடத்தை உடைத்துவிட்டான்' என்பதில் அவர் எழுவாயாகிறார். உடைந்தது, உடைத்தான் என்ற இணைகளில் முதலாவது செயப்படுபொருள் குன்றிய வினை, அதாவது செயலுக்கு உள்ளாகும் பொருளைத் தனியே ஏற்காத வினை. இரண்டாவது அதை ஏற்கும் வினை. சிந்தியது, சிந்தினான், கவிழ்ந்தது, கவிழ்த்தான் என்று இத்தகைய இணைகள் தமிழில் ஏராளம். நிகழ்ச்சியைச் சொல்லிப் பொறுப்பைச் சொல்லாமல் விடும் உரிமையை இவை பேசுவோருக்குத் தருகின்றன. அந்த உரிமையை இரக்கத்துக்கும் பயன்படுத்தலாம், பொறுப்பைத் தட்டிக்கழிக்கவும் பயன்படுத்தலாம். 'கோப்பு காணாமல் போய்விட்டது' என்னும் அலுவலக வாசகம் இரண்டாம் வகை.

துணைவினைகள் இன்னும் நுட்பமானவை. 'உடைத்துவிட்டான்' என்பது நிகழ்ந்து முடிந்ததைச் சொல்ல, 'உடைத்துத் தொலைத்தான்' என்பது கூறுவோரின் எரிச்சலையும் சேர்த்துச் சொல்கிறது. வேற்றுமையுருபும் இதில் பங்கு கொள்கிறது. 'உன்னால் பிழைத்தேன்', 'உன்னால் கெட்டேன்' என்னும் இரண்டிலும் உருபு 'ஆல்' ஒன்றே. அது காரணத்தை மட்டும் குறித்து, அது நன்றியா பழியா என்பதை வினைக்கு விட்டுவிடுகிறது. 'தான்' என்னும் இடைச்சொல் சேர்ந்து 'உன்னால்தான்' என்றாகும்போது மற்ற எல்லாக் காரணங்களும் விலக்கப்பட்டு ஒருவரே முழுப்பொறுப்பாளியாகிறார். குடும்பச் சண்டைகளில் இந்த ஒரு சொல் பெரும் கேடு விளைவிப்பதற்குக் காரணம், பல காரணங்களால் நேர்ந்த ஒன்றை அது ஒருவரிடம் முடித்துவிடுவதே.

இன்றைய வழக்கும் சட்டமும்

இக்காலச் சட்டமொழி, பழி என்னும் சொல்லைப் பயன்படுத்தாமலே அதன் கூறுகளைப் பிரித்துவைத்திருக்கிறது. காவல் நிலையத்தில் தருவது புகார். விசாரணைக்குப்பின் நீதிமன்றத்தில் அளிப்பது குற்றப்பத்திரிகை. தீர்ப்பு வரும்வரை ஒருவர் 'குற்றம் சாட்டப்பட்டவர்'. குற்றம் உறுதியானபின்னரே 'குற்றவாளி'. குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை ஒருவரைக் குற்றமற்றவராகவே கருத வேண்டும் என்பதை 1948ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 11ஆம் பிரிவு உறுதிசெய்கிறது. கைதுச் செய்தியிலேயே ஒருவரைக் 'கொலைகாரன்' என்று எழுதும் தலைப்பு இந்த வேறுபாட்டை அழித்துவிடுகிறது. பின்னர் அவர் விடுதலையானாலும் முதல் நாள் பரவிய பெயர் அவரை விட்டு அவ்வளவு எளிதில் நீங்குவதில்லை.

பொய்யான பழியால் ஒருவர் நற்பெயர் கெடுவதை இந்தியச் சட்டம் 'அவதூறு' என்று குறிக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 499, 500 ஆகிய பிரிவுகளில் இருந்த இக்குற்றம், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆம் பிரிவாக உள்ளது. இரண்டு ஆண்டுகள்வரை வெறுங்காவல், அபராதம், அல்லது சமூக சேவை ஆகியவை இதற்குரிய தண்டனைகள். பொதுநன்மைக்காக உண்மையைக் கூறுவதும், உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு குற்றம் சாட்டுவதும் அவதூறாகா என்ற விலக்குகளும் உண்டு. முறையிட வேண்டிய இடத்தில் முறையிடுவதற்கும் தெருவில் தூற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்விலக்குகள் ஏற்றுக்கொள்கின்றன.

காரணம் தேடுவது வேறு, பழி தேடுவது வேறு என்பதை வான்பயணத் துறை தெளிவாகக் கண்டிருக்கிறது. பன்னாட்டுக் குடிசார் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் மேலும் விபத்துகளைத் தடுப்பதே, எவர்மேலும் பழியையோ பொறுப்பையோ சுமத்துவது அதன் நோக்கமன்று என்று கூறுகிறது. தண்டனைக்கு அஞ்சி விமானியும் பொறியாளரும் உண்மையை மறைத்தால் அடுத்த விபத்தைத் தடுக்க வழியிருக்காது என்பதே இதற்குக் காரணம். ஒரு தீங்குக்குப்பின் யாரைப் பிடிப்பது என்ற வினாவை மட்டும் எழுப்பும் சமூகம், அது ஏன் நேர்ந்தது என்பதை அறியாமலே போகிறது.

வீடுகளில் இந்த வேறுபாடு இன்னும் வேர்கொள்ளவில்லை. மாமனார் இறந்தால் புதிதாக வந்த மருமகளின் 'ராசி', தொழிலில் நட்டம் வந்தால் குழந்தை பிறந்த நேரம், குழந்தை இல்லையென்றால் மருத்துவச் சோதனைக்கு முன்பே மனைவியின் குறை, வன்முறைக்கு உள்ளானால் அப்பெண்ணின் உடையும் வெளியே சென்ற நேரமும் என்று பழி எப்போதும் எதிர்த்துப் பேச முடியாதவரைத் தேடிச் செல்கிறது. தன் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்றுக்கு ஒருவரும் பழிக்கு உரியவராகார் என்னும் குறளைப் பள்ளியில் மனனம் செய்த சமூகம், அதை முதலில் நடைமுறைப்படுத்த வேண்டிய இடம் இதுவே.

பழி என்னும் சொல் இரு கடமைகளை உடன் கொண்டுவருகிறது. தன் செயலை ஆராய்ந்து, பிறர் சுட்டும்முன் தானே கூசித் திருந்துவது ஒன்று. அதற்குத் தமிழ் தந்த பெயர் பழிநாணுதல். பிறர்மேல் அதை ஏற்றும்முன் நிகழ்ச்சியையும் நோக்கத்தையும் சான்றையும் ஆராய்வது மற்றொன்று. அதற்குப் பெயர் பழியஞ்சுதல். இவற்றுள் முதலாவது இன்றைய பேச்சிலிருந்து ஏறத்தாழ மறைந்துவிட்டது. இரண்டாவது 'பழிவாங்குதல்', 'பழிபோடுதல்' என்னும் தொடர்களின் பெருக்கத்தில் மங்கியிருக்கிறது. கைப்பேசியில் ஒரு செய்தியை மறுபகிர்வு செய்வதே பழி சுமத்துதலாகிவிடும் காலத்தில், அரசனுக்கு மட்டும் உரியதாகப் புராணம் பேசிய அச்சம் ஒவ்வொருவருக்கும் உரியதாகிறது. இவ்விரு சொற்களையும் அவற்றின் பொருளோடு மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவருவது மொழிக்குச் செய்யும் பணி. அதைவிட மேலாக, செய்யாத குற்றத்தின் பெயரைச் சுமந்து வாழும் மனிதர்களுக்குச் செய்ய வேண்டிய நீதி.